ஐந்து டிகிரியில் ஒரு பொய்

காலை 9.10.

மூன்றாவது சிலிக்கான் வட்டும் செத்துத்தான் வந்தது.

மஞ்சள் விளக்கு எரியும் அறைக்குள், உச்சி முதல் பாதம் வரை வெள்ளை அங்கி போர்த்தியிருந்த லேப்காரர் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தார். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. விஷயத்தைச் சொல்ல அதுவே போதுமாக இருந்தது.

"கோடு ஒண்ணுகூட நேரா விழல மேடம். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது."

கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றவள் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள். "பாட்டிலை மாத்திப் பார்த்தீங்களா?"

"மூணு வட்டுக்கும் மூணு பாட்டில். மூணும் வேற வேற பெட்டி. சீல் எல்லாம் நான்தான் உடைச்சேன்."

அவளை ஆலையில் 'மாத்துவழி மேடம்' என்பார்கள். எந்தக் கூட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் கடைசியில் அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சரி, இது இல்லேன்னா மாத்து வழி என்ன?" கிண்டலாக வைத்த பெயர், நாளடைவில் மரியாதையாகிவிட்டது.

காரணம் இருந்தது. சிப் செய்யும் ஆலை அது. சிலிக்கான் வட்டின் மேல் ரெசிஸ்ட் என்ற தேன் நிறத் திரவத்தை மெல்லிசாகப் பூசி, அதன் மேல் ஒளியைப் பாய்ச்சித்தான் சிப்பின் கோடுகளை வரைய முடியும். அந்தத் திரவம் கடல் கடந்து ஒரே ஒரு கம்பெனியிடமிருந்து வந்துகொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கப்பல் தாமதமாகி, ஆலை ஐந்து வாரம் படுத்துவிட்டது. இனி அப்படி நடக்கக் கூடாது என்று பொறுப்பை அவள் தலையில் கட்டினார்கள். அவள் அலைந்து திரிந்து இரண்டாவதாக ஒரு சின்ன ஆலையைப் பிடித்தாள். அவர்கள் சரக்கு லாரியில் இரண்டு மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். அறுபது பாட்டில் வாங்கி, அதற்கென்றே தனியாகக் கட்டிய சேமக் குளிரறையில் ஐந்து டிகிரியில் வைத்துப் பூட்டினாள். ஆபத்துக்கு மட்டும்தான் அதைத் தொட வேண்டும்.

அந்த ஆபத்து வந்திருந்தது. புயலில் துறைமுகம் மூடி மூன்று வாரம். பழைய கம்பெனியின் கடைசி பாட்டில் நேற்றோடு காலி. இன்று காலை முதல்முறையாகச் சேமக் குளிரறைப் பாட்டில்களை வெளியே எடுத்தார்கள்.

எடுத்ததும் இப்படி.

காலை 9.40.

ஆலை மேலாளர் வார்த்தைகளை எண்ணி எண்ணிப் பேசுகிறவர். உட்காரச் சொல்லவில்லை.

"சாயங்காலம் நாலு மணிக்குத் தலைமை ஆபீஸ் வீடியோவில வருவாங்க. அதுக்குள்ள அந்தச் சின்ன ஆலை ஒப்பந்தத்தை ரத்து பண்ற கடிதம் என் மேஜையில இருக்கணும்."

"சார், சரக்கு உள்ள வந்த அன்னைக்கே லேப்ல பார்த்தோம். நல்லாத்தான் இருந்தது."

"எத்தனை பாட்டில் பார்த்தீங்க?"

"மூணு."

"மீதி அம்பத்தேழு?"

மேலாளர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"மருத்துவமனைக்கு மூச்சுக் கருவி செய்யறவங்க நம்ம சிப்புக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. வாசல்ல ஒப்பந்தத் தொழிலாளிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லியாச்சு. நான் யாரையாவது காட்டணும்."

"அவங்களை வெட்டிவிட்டா நமக்கு மறுபடியும் ஒரே ஆள்தான் சார். மூணு வருஷத்துக்கு முன்னால எங்க நின்னோமோ அங்கேயே போய் நிப்போம்."

"கெட்ட சரக்கு குடுக்கற ரெண்டாவது ஆள் எதுக்கு?" மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு. வேற காரணம் கிடைச்சா கொண்டு வாங்க."

காலை 10.30.

சேமக் குளிரறை, கிடங்கின் கோடியில் இருந்தது. அதை ஒட்டிய சின்ன அறையில் காப்பாளர் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார்.

"வாங்க மேடம்."

அவர் அவளுடைய அத்தான். அக்காவைக் கட்டியவர். ஆலையில் இருபது வருஷமாக இருக்கிறார். இங்கே வேலை காலியிருக்கிறது என்று அவளுக்குச் சொன்னதே அவர்தான். வீட்டில் "சின்னவளே" என்று கூப்பிடுகிறவர் ஆலை வாசலைத் தாண்டிவிட்டால் "மேடம்" என்பார். அவளும் அதில் கறார். அத்தானின் விடுமுறைச் சீட்டில்கூட அவள் கையெழுத்துப் போட மாட்டாள். வேறு யாரையாவது போடச் சொல்வாள். சொந்தக்காரருக்குச் சலுகை காட்டினாள் என்று ஒரு நாக்கும் பேசக் கூடாது.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"ஒண்ணு என் இடுப்புல. இன்னொண்ணு செக்யூரிட்டி அறையில, கண்ணாடிப் பெட்டிக்குள்ள. கண்ணாடி உடையல. காலையிலயே பார்த்துட்டேன்."

"வெப்பக் கணக்குத் தாள்?"

எடுத்து வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு தாள் வீதம் பதினேழு தாள். குளிரறைக்குள் வெப்பத்தை அளக்கும் ஓர் உணர்கம்பி தொங்கும்; அதன் ஒயர் சுவர் ஓட்டை வழியாக இந்த அறைக்கு வந்து, சுவரில் மாட்டிய கருவியின் பேனாவை நகர்த்தும். மையால் விழும் கோடு. அழிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. எட்டு டிகிரியைத் தாண்டினால் கருவி அலறும். மேலாளரின் போன் வரைக்கும் அடிக்கும். பதினேழு வாரமாக ஒரு தடவைகூட அலறவில்லை.

"இந்த மேடு மேடா இருக்கே, இது என்ன?"

"மெஷின் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் தன் மேல படிஞ்ச பனியை உருக்கும். அப்போ அரை டிகிரி ஏறி இறங்கும். நாளைக்கு நாலு. அது மூச்சு விடற மாதிரி."

எட்டாவது தாளில் ஒரு சனிக்கிழமை காலை, கோடு ஏழு டிகிரியைத் தொட்டுவிட்டுச் செங்குத்தாக ஐந்துக்கு இறங்கியிருந்தது. அதற்கப்புறம் பொடிப் பொடி மேடுகளோடு அது பாட்டுக்கு ஐந்திலேயே ஓடியது.

"இது?"

"பராமரிப்புக்காக ஆலையை மூணு நாள் மூடினோமே, அந்தச் சனிக்கிழமை. கதவு கொஞ்சம் திறந்திருந்திருக்கும். ஏழுதானே. எட்டுக்குக் கீழதான்."

மேஜைக்கடியில் இருந்த சின்னக் குளிர்பெட்டி 'டக்'கென்று நின்றது. அத்தானுக்குச் சர்க்கரை, ஊசி மருந்தை அதில்தான் வைப்பார். அவர் குனிந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"குடிங்க. முகம் வெளிறிப் போயிருக்கு."

அவள் குடித்தாள். பாதி பாட்டில் காலியாவதற்குள் குளிர்பெட்டி மறுபடி ஓடத் தொடங்கியது. பாட்டிலை வைத்துவிட்டுத் தாள்களை அள்ளிக்கொண்டு கிளம்பினாள். அவர் முகத்தை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை. பார்த்திருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்தாள்.

காலை 11.15.

வரவேற்பறையில் சின்ன ஆலையின் சொந்தக்காரி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். ரசாயனம் படித்தவள், விரல் நுனியெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. மடியில் ஒரு பனிக்கட்டிப் பெட்டி. இறக்கி வைக்கச் சொன்னபோது முடியாது என்று தலையாட்டிவிட்டாளாம்.

"போன்ல சொன்னதும் வண்டியைப் பிடிச்சு வந்துட்டேன் மேடம். ரத்துன்னா ரத்து பண்ணுங்க. ஆனா என் சரக்கு கெட்டதுன்னு மட்டும் எழுதிடாதீங்க. அப்புறம் எவனும் வாங்க மாட்டான். நாப்பது பேர் வேலை செய்யறாங்க என்கிட்ட."

"லாரியில சூடாகியிருக்கலாமே?"

"லாரிக்குள்ள வெப்பமானி இருந்தது. இறக்கும்போது உங்க ஆள்தான் படிச்சுக் கையெழுத்துப் போட்டாரு. நாலரை டிகிரி."

"பாட்டில்ல ஏதாவது கலந்திருந்தா?"

"அதுக்குத்தான் இதைக் கொண்டுவந்தேன்." பனிக்கட்டிப் பெட்டியைத் தட்டினாள். "ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் ரெண்டு பாட்டில் நான் எடுத்து வச்சுக்குவேன். உங்களுக்கு வந்த அறுபதும் இதுவும் ஒரே அண்டாவுல இறங்கினது. இதைப் பூசிப் பாருங்க. இதுவும் கெட்டிருந்தா தப்பு என்னோடது. வாயைத் திறக்காம போயிடறேன்."

பெட்டி லேபுக்குப் போனது.

மதியம் 1.05.

அவளுக்குப் பசிக்கவில்லை. உட்கார ஓர் இடம் வேண்டும் என்றுதான் கேன்டீனுக்குப் போனாள். தொழிலாளிகள் திரும்பிப் போய்விட்டதால் பெஞ்செல்லாம் காலி. மூலையில் ஆள் உயரக் குளிர் அலமாரி ஒன்று விளக்கணைந்து நின்றது. கதவில் 'பழுது' என்று ஒட்டிய தாளே பழசாகி மஞ்சளித்திருந்தது.

"இன்னுமா சரி பண்ணல மாஸ்டர்?"

கேன்டீன் மாஸ்டருக்கு அது போதும். "ரெண்டு மாசமா மேடம்! மூணு நாள் மூடிட்டுத் திறந்தோமில்ல, அன்னைக்குப் படுத்தது. மெக்கானிக் வந்து பின்பக்கம் திறந்து பார்த்துட்டு, உள்ள கன்ட்ரோல் போர்டே இல்லையே, எதை ரிப்பேர் பண்றதுன்னு கேக்கறான். எலி தின்னுட்டுதான்னு என்னையே நக்கல் பண்றான். புதுசு வாங்கலாம்னா நாலு மாசம் ஆகுமாம். அதுல போடற சிப் கிடைக்கலையாம். சிப் செய்யற ஆலையில உக்காந்துக்கிட்டு சிப் இல்லைன்னு மோர் புளிச்சுப் போகுது. இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருக்கும்போதே போன் அடித்தது. லேப்காரர்.

"மேடம், அந்தம்மா கொண்டுவந்த பாட்டில் கண்ணாடி மாதிரி விழுது. ஒரு கோடு பிசகல. நம்ம அறையில இருந்ததும் இதே சரக்குதான், சந்தேகமே இல்ல. ஆனா அது சூடு பட்டிருக்கு. கொஞ்ச நஞ்சமில்ல, ஒரு முழு நாளுக்கு மேல நல்ல வெயில் சூடு பட்டாத்தான் இப்படி ஆகும்."

"எங்க சூடு பட்டிருக்கும்?"

"லாரியில இல்ல. இறக்கின அன்னைக்கு நானே பூசிப் பார்த்தேனே. அதுக்கப்புறம்தான்."

அதற்கப்புறம் என்றால் சேமக் குளிரறையில். பூட்டிய அறை. வெளியே போகாத சாவி. பதினேழு வாரமாக ஐந்தை விட்டு நகராத கோடு. அந்த அறைக்குள் ஒரு நாள் வெயில் எப்படி நுழைந்தது?

மதியம் 1.50.

தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதினேழு தாளையும் மேஜையில் விரித்தாள். எல்லாரும் கோட்டின் உயரத்தைத்தான் பார்த்திருந்தார்கள். அவளும் காலையில் அதைத்தான் பார்த்தாள். எட்டைத் தாண்டவில்லை, அவ்வளவுதான் கேள்வி.

இப்போது பென்சிலை எடுத்து மேடுகளை எண்ணினாள்.

முதல் வாரம். திங்கள் நாலு. செவ்வாய் நாலு. புதன் நாலு. இரண்டாம் வாரமும் அப்படியே. ஏழாம் வாரம் வரை ஒரு நாள்கூடத் தவறவில்லை.

எட்டாம் வாரம். வெள்ளி நாலு. சனிக்கிழமை எண்ண எண்ண முடியவில்லை. ஐம்பது வரை வந்து, விட்டுவிட்டாள். ஞாயிறும் அப்படியே. திங்கள் சாயங்காலம் வரை அப்படியே. செவ்வாய், மறுபடி நாலு.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

சேமக் குளிரறை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் மூச்சு விடும். அந்த மூன்று நாளும் கோட்டில் மூச்சு விட்டது ஏதோ சின்னது. அடிக்கடி நின்று, அடிக்கடி ஓடும் ஒரு சின்னப் பெட்டி.

சனிக்கிழமை காலை கோடு தொட்ட அந்த ஏழு டிகிரியைப் பார்த்தாள். ஐந்திலிருந்து ஏழுக்கு ஏற ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இறங்கியது செங்குத்தாக, ஐந்தே நிமிஷத்தில். லாரி நிற்கும் அளவு பெரிய அறை ஐந்து நிமிஷத்தில் இரண்டு டிகிரி இறங்காது. அறை இறங்கவே இல்லை. கம்பிதான் இடம் மாறியிருக்கிறது.

காலையில் தண்ணீர் குடித்த நேரத்துக்குள் நின்று ஓடிய குளிர்பெட்டி காதுக்குள் கேட்டது.

கை தானாகப் போனை எடுத்தது. அந்தச் சனிக்கிழமைக்குப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போனாள். அன்று அவள் இங்கே இல்லை. தலைமை ஆபீஸில், நானூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கில், சரக்கு வரத்து அறுந்துபோகாமல் காப்பது எப்படி என்று மேடையில் பேசினாள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

போனில் இருந்தது. காலை 8.20. அத்தான். எடுக்காத அழைப்பு.

அதற்குக் கீழே அவளே அனுப்பிய செய்தி: 'மேடை ஏறப்போறேன் அத்தான். சாயங்காலம் கூப்பிடறேன்.'

கூப்பிட்டாளா? கூப்பிடவில்லை. மாலை, பூங்கொத்து, போட்டோ. மறந்தே போனாள். அவரும் மறுபடி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் பாக்கியிருந்தது. அலமாரியைத் திறந்து, கிடங்கு விண்ணப்பங்கள் வைத்த கோப்பை எடுத்தாள். என்ன இருக்கும் என்று அவளுக்கு முன்பே தெரியும். ஒரு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அத்தான் சொன்னார்: "சின்னவளே, அந்தக் குளிரறை மோட்டாரோட கன்ட்ரோல் போர்டு ஒரு மாதிரி சத்தம் போடுது. ஸ்பேர் ஒண்ணு வாங்கி வச்சுடலாம். முடிஞ்சா ரெண்டாவது மோட்டாரே ஒண்ணு." அவள் என்ன சொன்னாள்? "வீட்டுல ஆபீஸ் பேச்சு வேண்டாமே அத்தான். எழுதிக் குடுங்க."

எழுதித்தான் கொடுத்திருந்தார். ஒரு முறைக்கு இரண்டு முறை. இரண்டின் ஓரத்திலும் அவள் கையெழுத்து.

பிற்பகல் 3.55.

மேலாளர் அறையில் நாலு பேர். மேலாளர், சின்ன ஆலைக்காரி, சாவிப் பதிவேட்டோடு வரச் சொல்லியிருந்த அத்தான், அவள். சுவரில் பெரிய திரை இன்னும் இருட்டாக இருந்தது.

"கடிதம்?" என்றார் மேலாளர்.

"எழுதல சார். இவங்க சரக்கு மேல தப்பில்ல. நம்ம அறையிலதான் சூடாச்சு."

"கோடு அஞ்சுல இருக்கே."

"கோடு நம்ம அறையோடது இல்ல. மூணு நாள் அது வேற பெட்டியோடது."

தாளை விரித்துக் காட்டினாள். நாலு மேடு. அப்புறம் எண்ண முடியாத மேடு. மறுபடி நாலு. செங்குத்தாக இறங்கிய இரண்டு டிகிரி. மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே எண்ணினார். பத்து வரை எண்ணிவிட்டுக் கழற்றினார்.

"யாரு?"

அவள் அத்தானைப் பார்த்தாள். அவர் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் பயம் இல்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"மூடின சனிக்கிழமை காலையில மோட்டார் போர்டு போயிடுச்சு. கம்பியை எடுத்துச் சுவர் ஓட்டை வழியா இழுத்து, மேஜைக்கடியில இருக்கற மருந்துப் பெட்டிக்குள்ள வச்சுட்டாங்க. அதனால அலறல. வெளியில போர்டு கிடைக்கல. கேன்டீன் அலமாரியில இருந்த போர்டைக் கழட்டி இதுல போட்டிருக்காங்க. அறை குளிர்ந்ததும் திங்கள் சாயங்காலம் கம்பி திரும்ப உள்ள போயிடுச்சு." தாளை மடித்து வைத்துவிட்டு முடித்தாள். "செஞ்சது சேமக் குளிரறைக் காப்பாளர். என் அத்தான்."

மேலாளர் அத்தான் பக்கம் திரும்பினார்.

"உண்மையா?" மேலாளர் கேட்டார்.

"உண்மைதான் சார்." அத்தானின் குரல் சாதாரணமாக இருந்தது. "அலற ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடலாம்னு நினைச்சுத்தான் கம்பியை எடுத்தேன். ஒரு மணி நேரம் ரெண்டு நாளாச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் மோட்டார் ஓடிச்சு. அப்ப உள்ள முப்பத்திமூணு."

"வேற குளிரறைக்கு மாத்தியிருக்கலாமே?"

"ஆலையோட பெரிய குளிரறையைக் காலி பண்ணி பெயின்ட் அடிச்சுக்கிட்டிருந்தாங்க."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே? ரெண்டு மாசம் இருந்ததே. புதுசா வாங்கி வச்சிருப்போமே!"

அத்தான் தரையைப் பார்த்தார். "அந்தப் பாட்டிலுக்கு ஆயுசு ஆறு மாசம் சார். யாரும் தொடாமலே தேதி முடிஞ்சு வெளியில போயிடும், புதுசு வந்துடும்னு நம்பினேன். புயல் வரும்னு எனக்கென்ன தெரியும்."

மேலாளர் திரும்பிச் சின்ன ஆலைக்காரியைப் பார்த்தார். வார்த்தை தேடினார். ஆலைக்காரி முந்திக்கொண்டாள்.

"எட்டு நாள் குடுங்க. இருபது பாட்டில் காய்ச்சி அனுப்பறேன். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

அப்போதுதான் மாத்துவழி மேடம் தான் கொண்டுவந்திருந்த விண்ணப்பக் கோப்பைத் திறந்தாள்.

"இன்னொண்ணு இருக்கு சார்."

"வேண்டாம்," என்றார் அத்தான். அன்று முழுவதும் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். "மேடம், அது வேண்டாம்."

அவள் படித்தாள். "'சேமக் குளிரறை மோட்டாருக்கு மாற்று போர்டு ஒன்று உடனே தேவை.' தேதி, ஆலையை மூடறதுக்கு ஏழு வாரம் முன்னால. ரெண்டாவது விண்ணப்பம், மூடறதுக்கு மூணு வாரம் முன்னால. ரெண்டுலயும் ஓரத்துல எழுதியிருக்கு: 'இப்போது அவசியமில்லை. அடுத்த காலாண்டில் பார்க்கலாம்.' கையெழுத்து என்னோடது."

"ஏன்?" மேலாளர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். "எல்லாத்துக்கும் மாத்து வழி கேக்கற ஆள் நீங்க."

"கேட்டது அத்தான்ங்கறதால." அதைச் சொல்லும்போது அவளுக்கே கேவலமாக இருந்தது. "வேற யாரு கேட்டிருந்தாலும் அன்னைக்கே வாங்கியிருப்பேன். உடனே கையெழுத்துப் போட்டா, வீட்டு ஆளுக்குச் செய்யறான்னு பேசுவாங்கன்னு பயந்தேன். கப்பலுக்கு மாத்து, கம்பெனிக்கு மாத்து, பாதைக்கு மாத்து, எல்லாம் பார்த்தேன். ஒரே ஒரு மோட்டாரை நம்பி அத்தனையையும் உள்ள வச்சுப் பூட்டினேன்."

திரையில் வெளிச்சம் வந்தது. நாலு மணி.

உற்பத்தி லைன் பதினோரு நாள் நின்றது. மூச்சுக் கருவிக்கான சிப்புகள் பதினோரு நாள் தாமதமாகப் போயின. அந்தத் தாமதம் எங்கேயாவது யாரையாவது தொட்டதா என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. சின்ன ஆலைக்காரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். எட்டாம் நாள் காலையில் அவளே லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பாட்டில்களைப் பரிசோதித்து, பூசிப் பார்த்து, லைனை ஓட்ட மேலும் மூன்று நாள். சேமக் குளிரறையில் இரண்டாவது மோட்டார் ஒரே வாரத்தில் பொருத்தப்பட்டது. அதற்கு யாரும் விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அத்தானை வேலையை விட்டு எடுத்தார்கள்.

பதினோராம் நாள் சாயங்காலம்தான் அவள் அக்கா வீட்டுக்குப் படியேறினாள். ஒரே கட்டடம், அவள் கீழ் மாடி, அவர்கள் மேல் மாடி. பதினாறு படி. பதினோரு நாளாக அவளால் ஏற முடியாத படி.

கதவைத் திறந்தது அத்தான்.

"வா சின்னவளே." ஆனால் வழியை விட்டு விலகவில்லை. உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"லைன் ஓடுது அத்தான்."

"கேள்விப்பட்டேன். லேப்காரர் போன் பண்ணாரு."

"என்மேல கோவமா?"

"கண்டுபிடிச்சதுக்கா? சேச்சே. அந்தம்மா தலையில விழ இருந்ததை நிறுத்தினியே. எனக்கே ரெண்டு மாசமா தூக்கம் கிடையாது." கதவு நிலையில் விரலால் தேய்த்தார். "அந்த லெட்டரை எதுக்குப் படிச்ச? அன்னைக்கு மேடையில நின்னு பேசற போட்டோவை உங்கக்கா எனக்கு அனுப்பினா. கையில ஸ்பேனரோட நின்னுக்கிட்டுப் பார்த்தேன். இப்போ விஷயம் வெளியில வந்தா முதல்ல அந்த லெட்டரைத்தான் தேடுவாங்கன்னு தோணுச்சு. பாட்டில் போனாப் போகுது, உன் பேரு போகக் கூடாதுன்னுதான் வாயை மூடிக்கிட்டேன். நீ என்னடான்னா நாலு பேர் முன்னால நின்னு நீயே படிக்கற."

"நான் திரும்பக் கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா அத்தான்?"

அவர் யோசித்தார். ஆறுதலுக்காகப் பொய் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கறேன். அன்னைக்கு ராத்திரி வரைக்கும் போனை பக்கத்துலயேதான் வச்சிருந்தேன்."

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். கண் வீங்கியிருந்தது. கணவரின் தோளுக்குப் பின்னால் நின்றபடியே பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்டி. ரெண்டு மணிக்கே உனக்குத் தெரிஞ்சிருக்கு. நாலு மணிக்குத்தான் அந்த ரூமுக்குள்ள போன. நடுவுல ரெண்டு மணி நேரம். கீழ கிடங்குலதானே உக்காந்திருந்தாரு? போய், 'அத்தான், இப்படியா?'ன்னு ஒரு வார்த்தை. அவரே வந்து சொல்லியிருப்பாரு. நீ சொல்லி அவர் நிக்கறதுக்கும், அவரே சொல்லி நிக்கறதுக்கும் வித்தியாசம் இல்லையா?"

அந்த இரண்டு மணி நேரமும் அவள் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டு ஆளிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டாள் என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்று. அன்றும் அதே பயம்தான்.

"இருக்குக்கா," என்றாள்.

அக்கா காத்திருந்தாள்.

"இன்னைக்கு என்னால முடியலடி. கொஞ்ச நாள் போகட்டும்." அக்கா உள்ளே போய்விட்டாள்.

அத்தான் மட்டும் நின்றார். அவள் திரும்பி இறங்கத் தொடங்கினாள். பொழுது சாய்ந்து படிக்கட்டு இருண்டிருந்தது. பின்னால் கதவு சாத்தும் சத்தத்துக்கு முன், அவர் கை நீட்டிப் படிக்கட்டு விளக்கைப் போட்டார்.

பதினாறு படியும் இறங்கி, தன் வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போகும்வரை அது எரிந்தது. பிறகு மேலிருந்து யாரோ அணைத்தார்கள்.